இரண்டு பேனாவும் ஒரே பையில்

ஜூலை 13, ஞாயிறு. 5.30-க்கு எழுந்தேன். 6.10-க்கு மகளின் சுகரைப் பார்த்து நோட்டில் எழுதினேன் — 128. ஏழு மணிக்கு இட்லி. ஒன்பதுக்குக் கீழப்பாவூரிலிருந்து குற்றாலம் கிளம்பினோம்.

மகள் காவ்யா பிளஸ் டூ படிக்கிறாள். அவள் கணையம் இரண்டு வருடமாக இன்சுலின் சுரப்பதில்லை. சாப்பாட்டுக்கு முன், பேனா மாதிரி இருக்கும் ஊசியில் அதைப் போட்டாக வேண்டும். போடாமல் ஒரு வாய் சோறு கிடையாது.

நான் எதிலும் கணக்கான ஆள். கையிலிருக்கும் பேனா உடைந்தால்..? தீர்ந்தால்..? ஃபிரிட்ஜில் இருந்த உபரிப் பேனாவையும் எடுத்து, முதல் பேனா இருந்த அதே பையில் வைத்தேன். அருவியில் நனையக் கூடாதே என்று பையைக் காருக்குள் வைத்துப் பூட்டினேன்.

ஐந்தருவியில் சாரல் நின்று, வெயில் சுள்ளென்று அடித்தது. துண்டு சீக்கிரம் காயும் என்று சந்தோஷப்பட்டவன் நான்தான்.

12.50-க்குக் காரைத் திறந்தால்... உள்ளே அடுப்பு. இரண்டு பேனாவும் கையைச் சுட்டன.

"ஆறவச்சுப் போட்டா என்ன?" என்றேன், ஒரு நப்பாசையில்.

"அப்பா, இன்சுலின் புரோட்டீன். அவிச்ச முட்ட திரும்பப் பச்ச முட்ட ஆவுமா?"

என் மனைவி என்னைப் பார்த்தாள். "நாலு நோட்டு போட்டு எழுதுதீக. ரெண்டையும் ஒரே பையிலயா வைப்பீக?"



காரைத் தென்காசிக்கு விரட்டினேன். ஞாயிறு மதியம். முதல் மருந்துக்கடையில் ஷட்டர் இறங்கியிருந்தது. இரண்டாவதில் அந்த வகை இல்லை. காவ்யாவின் சுகர் மீட்டரில் 231. பின் சீட்டில், மதியத்துக்கு வாங்கிய பார்சல் பிரியாணி மணத்தது... யாரும் தொடவில்லை.

நான் இரண்டு தடவை கியரைத் தப்பாகப் போட்டதைக் காவ்யா பார்த்துவிட்டாள் போல.

"அப்பா, நாளைக்கு பயாலஜி டெஸ்டு. சொல்லுதேன், கேளுங்க. செல்லுக்கு நடுவுல நியூக்ளியஸ். அதுக்குள்ள டிஎன்ஏ. எல்லாப் புரோட்டீனுக்கும் செய்முறை அதுலதான். ஆனா அது வெளிய வரவே வராது. வேணுங்கிற பக்கத்த மட்டும் ஆர்என்ஏன்னு ஒரு நகல் எடுத்து அனுப்பும். ரைபோசோம் அந்த நகலப் படிச்சு, அமினோ அமிலத்த ஒவ்வொண்ணா கோக்கும். கோத்த சரம் சரியா மடிஞ்சாத்தான் புரோட்டீன். சூடு பட்டா அந்த மடிப்பு போயிரும்."

"உனக்கு அந்தச் செய்முறை..?"

"இருக்கு. செய்யுத செல்லுதான் போச்சு. அதான் அதே செய்முறைய பாக்டீரியாவுக்குள்ள வச்சு, கம்பெனியில செய்ய வைக்காங்க."

"பாக்டீரியா மனுசனுக்குச் செஞ்சு தருமா?"

"ரைபோசோம் யாருக்குன்னு கேக்காதுப்பா. நகல் வந்தா கோக்கும்."

மூன்றாவது கடைக்காரர் டாக்டர் சீட்டைப் பார்த்தார். பார்த்தார்... பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இருக்கு அண்ணாச்சி. ஐஸ் வச்சுத் தாரேன். ஒண்ணு போதுமா?"

"ரெண்டு!" — மூன்று பேரும் ஒரே குரலில்.

2.05-க்குக் காரிலேயே ஊசி. அதன்பிறகே பார்சல் பிரிந்தது.

சாப்பிடும்போது யோசித்தேன். கண்ணுக்குத் தெரியாத ஒரு செல் மூலத்தை வீட்டில் வைத்து, நகலைத்தான் வெளியே அனுப்புகிறது. நோட்டு போட்டு வாழும் நான்? இருந்த இரண்டையும் தூக்கிக்கொண்டு அருவிக்குப் போனேன்.

மறுநாள் 5.30-க்கு எழுந்ததும் முதல் வேலையாக, ஃபிரிட்ஜில் இருந்த புதுப் பேனாவின் டப்பாவில் ஒரு சீட்டு ஒட்டினேன்: 'நியூக்ளியஸ் — வெளியே வராது.'