கேட்டுக்கொண்டிருந்த கல்

தில்லியில் ஒரு பழைய கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டத்தில் கல்லெழுத்துகளுக்குக் கறுப்பு அடிக்கிறேன். இது இரண்டாவது குளிர்காலம். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்ட பிறகு எந்த வேலையிலும் இவ்வளவு நாள் நான் இருந்ததில்லை. இதற்கு முன் மயூர் விஹாரில் வாட்ச்மேன். அதற்கும் முன் படுத்த இடமெல்லாம் வீடு.

வாசல் பக்கம் வெள்ளைக்காரர்கள். வலது கை உடைந்த தேவதை, எஞ்சின் செதுக்கிய ரயில் டிரைவர் கல், காலராவில் ஒரே வாரத்தில் போன ஐந்து பிள்ளைகளுக்கு ஒரே கல். பார்க்க வருகிறவர்கள் அங்கேயே படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். பின்சுவரோரம் எங்கள் ஆட்கள். தமிழ்க் கல் இருபதுக்கு மேல் இருக்கும். அந்த மூலையில் மயில் கூட அகவாது. நாய்கள் அந்தப் பாதையில் வந்து பாதியில் நின்றுவிடும்.

இடம் போதாததால், யாரும் தேடி வராத குழியைத் திறந்து வேறொருவரை வைப்பார்கள். திறக்கப்போகும் கல்லில் ஆபீஸ் கணக்கர் முன்ஷி சுண்ணாம்பால் ஒரு கோடு இழுத்துவிடுவார். பூவோ மெழுகோ இருக்கும் கல்லைத் தொடமாட்டார்.

கல்லறைத் திருநாளுக்கு இரண்டு நாள் முன்னால் ஒரு பெண் வந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும்.

"பையா, மதராசி எழுத்து தெரியுமா?" என்று இந்தியில் கேட்டாள்.

"தமிழ்தாம்மா நான்."

"அச்சா! அண்ணா, எங்கம்மா கல்லுக்குக் கறுப்பு அடிக்கணும். எனக்குப் பேசத்தான் வரும், படிக்க வராது."

அம்மா இறந்தபோது அவளுக்கு ஒன்பது வயது. அப்பா வருஷா வருஷம் கூட்டிவருவாராம். அவர் போன பிறகு பத்தொன்பது வருஷமாகத் தனியாக வருகிறாள். வேப்பமரத்துக்குப் பக்கத்தில் சிவப்புக் கல், அதுதான் அடையாளம். வேலை கிடைத்தது, கல்யாணம் முறிந்தது, எல்லாவற்றையும் இங்கே வந்துதான் சொன்னாளாம்.

பாசியைத் தேய்த்து எடுத்தேன். எழுத்துப் பள்ளத்தில் விரலை ஓட்டினேன். புகைமூட்டத்தில் அன்று சூரியனே தெரியவில்லை. மற்ற கல்லெல்லாம் சில்லிட்டுக் கிடக்க, இது வெதுவெதுப்பாக இருந்தது. படித்தேன். ஆண் பெயர். முப்பத்தொரு வயது, ராமநாதபுரம் ஜில்லா. கீழே வேறு எதுவும் இல்லை.

"அம்மா பேரு என்னம்மா?"

சொன்னாள். நான் எழுந்து வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டு போனேன். அடுத்த வரிசையில் வெட்டிய வேப்பமரத்தின் அடிக்கட்டை ஒன்று இருந்தது. அதன் பக்கத்திலும் சிவப்புக் கல். அந்தப் பெயர். குறுக்கே சுண்ணாம்புக் கோடு.

மறைக்கலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். திங்கட்கிழமை திறந்துவிடுவார்கள். சொல்லிவிட்டேன்.

அவள் அழவில்லை. கைப்பையிலிருந்து தண்ணீர் எடுத்துச் சுண்ணாம்பைக் கையாலேயே தேய்த்தாள். பிறகு அம்மாவின் கல்லுக்கு முன்னால் உட்கார்ந்து கண்ணை மூடினாள்.

"இங்க ஒண்ணுமே தோணலண்ணா. பூட்டின வீட்டுக்கு முன்னால உக்காந்த மாதிரி இருக்கு." திரும்பி அந்தப் பழைய கல்லைப் பார்த்தாள். "அங்க யாரோ கேக்குறது எனக்குத் தெரியும். அப்போ இத்தனை வருஷமா யாரு கேட்டது?"

ஆபீசில் நடந்ததைச் சொல்லி, அம்மாவின் கல்லுக்கு உறவு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். முன்ஷி தன் பட்டியலைத் திருத்தினார்.

"அப்போ நீங்க மெழுகு வெச்ச அந்த இன்னொரு மதராசிக்கு உறவுன்னு ஆள் இல்லை. திங்கட்கிழமை அதைத் திறக்கிறேன். கிராக்கி ரெடி."

"அதையும் நானே எழுதிக்கிறேன்," என்றாள்.

"உறவு என்ன மேடம்? வருஷா வருஷம் வந்து பேசுவேன்னு எழுத முடியுமா?"

அவள் முகம் செத்துப்போயிற்று. மெழுகுவர்த்தியை இன்னும் கையில் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் ராமநாதபுரம் பக்கம் போனதுகூட இல்லை.

"நான் அவரோட தம்பி," என்றேன்.

முன்ஷி என்னை மேலும் கீழும் பார்த்தார். "ரெண்டு வருஷமா கூடவே வேலை பாக்குற. இன்னைக்குத்தான் அண்ணன் ஞாபகம் வந்துதா?"

"இன்னைக்குத்தான் கல்லைப் படிச்சேன்."

அவர் சிரித்துக்கொண்டே தாளைத் தள்ளினார். "வருஷா வருஷம் நேர்ல வந்து கையெழுத்துப் போடணும். ஒரு வருஷம் தவறினாலும் நான் பொறுப்பில்லை." முப்பத்தொரு வயது அண்ணனுக்கு ஐம்பத்திரண்டு வயதுத் தம்பியாகக் கையெழுத்துப் போட்டேன்.

திருநாளன்று அவள் இரண்டு கல்லிலும் மெழுகுவர்த்தி வைத்தாள். அம்மாவிடம் பேசிப் பழகுகிறாளாம், வரவில்லையாம்.

மறுவாரம் பூனா போவதாக இருந்தேன், போகவில்லை. மத்தியானம் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு அந்தக் கல்லோரம் உட்காருகிறேன். கல் இன்னும் வெதுவெதுப்பாகத்தான் இருக்கிறது. நான் இதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. நான் ஆரம்பிக்கட்டும் என்று அது பேசாமல் இருப்பது மட்டும் தெரிகிறது.