சுவரைப் பார்த்துச் சொன்ன பதில்

அன்று இருந்தவர்கள்: நான். என் மனைவி. மகள். பக்கத்து வீட்டு அக்கா. அவர் வீட்டு வைஃபையில்தான் காரியம் நடந்தது. கம்ப்யூட்டருக்குள் மூன்று பேர், இரண்டு ஆண், ஒரு பெண். அவர்கள் சென்னையில் இருந்தார்கள்.

மகள் எம்.எஸ்சி. இயற்பியல். நான் எட்டாவது. அவள் படித்து முடித்து ஒரு வருஷமாக வேலை அமையவில்லை. சேத்தியாத்தோப்பு மச்சான் பி.எட். படிக்க வைத்து டீச்சராக்கு என்றார். டீக்கடையில் பேங்க் பரீட்சை என்றார்கள். அவளுக்கு இரண்டிலும் மனசு இல்லை. ரயில் சக்கரம், பாலத்து இரும்பு இதையெல்லாம் உடைக்காமல், சத்தத்தை உள்ளே அனுப்பி விரிசல் பார்க்கும் வேலை ஒன்று இருக்கிறதாம். இயற்பியல் படித்தவர்களை எடுக்கிறார்களாம். அதற்குத்தான் இந்த இன்டர்வியூ. கிடைக்காவிட்டால் பி.எட். என்று வீட்டில் பேசி வைத்திருந்தோம்.

நான் செராமிக் யூனிட்டில் செக்கிங். சூளையிலிருந்து வரும் பீங்கான் ஃபியூஸ் கட்டையைக் காதருகே வைத்துத் தட்ட வேண்டும். நல்லது மணி மாதிரி பேசும். விரிசல் விட்டது பேசாது. அதற்கு ஊமை என்று பேர். தட்டியதும் வாய்விட்டுச் சொன்னால் எதிரில் இருப்பவர் எடுத்து ஓரம் போடுவார். பத்தொன்பது வருஷமாகச் சொல்கிறேன்.

இன்டர்வியூவுக்கு முதல் நாள் மகள் இரண்டு கட்டை கேட்டாள். ஒன்று நல்லது, ஒன்று விரிசல். கொண்டுவந்து கொடுத்தேன். எதற்கென்று கேட்கவில்லை.

யாரும் வாய் திறக்கக் கூடாது என்று சொல்லியிருந்தாள். மனைவி மிக்ஸி ப்ளக்கைக்கூடப் பிடுங்கி வைத்தாள். நான் கதவோரம் சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். பேச்சு இங்கிலீஷில் போனது. மகள் குரல் நடுங்கியது. பிறகு ஒரு கட்டையைத் தட்டினாள். அடுத்ததையும் தட்டினாள்.

“ஊமை” என்றேன். யூனிட்டில் சொல்கிற அதே சத்தத்தில்.

ஓரக்கண்ணால் பார்த்தேன். அக்கா தலையில் கை வைத்தார். மகள் திரும்பவில்லை. காது மட்டும் சிவந்தது.

கம்ப்யூட்டரில் இருந்த அந்தப் பெண் தமிழில் கேட்டார்.

“யாரும்மா அது?”

“எங்க அப்பா மேடம். செராமிக்ல செக்கிங்.”

“பாத்துட்டுச் சொன்னாரா?”

“இல்ல மேடம். செவத்தப் பாத்து உக்காந்திருக்காரு.”

மூன்று பேரும் சிரித்தார்கள். அப்பா சொன்னது சரியா, சரியென்றால் எப்படி என்று மகளைக் கேட்டார்கள். விரிசலில் அதிர்வு எப்படிச் செத்துப் போகிறது என்று அவள் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். நடுக்கம் போய்விட்டது. இருபது நிமிஷம் என்றது ஒரு மணி நேரம் ஆனது.

முடிந்ததும் மனைவி என்னைப் பிடித்துக்கொண்டாள். “செத்த நேரம் வாய மூடிக்கிட்டு இருக்க முடியாதா? வூட்ல பேசுன்னா பேச மாட்டீங்க.” நியாயம்தான். போய் மிக்ஸி ப்ளக்கைச் சொருகினேன்.

பத்து நாளில் வேலை உறுதியாகி மெயில் வந்தது. அக்கா வைஃபைக்குக் கூலியாகக் கேசரி கேட்டார். மனைவி கிண்டினாள். தெருவுக்கே போனது. மச்சானுக்கு நானே போன் போட்டேன்.

பயிற்சி முடிந்து மகள் தனியாக மெஷின் பிடித்த அன்று சாயங்காலம் கூப்பிட்டாள். தொப்பி, கண்ணாடி எல்லாம் கொடுத்திருக்கிறார்கள் என்று அவள் அம்மாவிடம் வெகுநேரம் சிரித்துப் பேசினாள். கடைசியில் போன் என்னிடம் வந்தது.

“ஊமை எத்தினி?” என்றேன்.

“ரெண்டு.”