ஒவ்வொரு டெஸ்டுக்கும் ஒரு புது லாட்ஜ்

தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் அலுவலகம் மைசூர் காளிதாசா ரோட்டில் ஒரு மாடியில் இருந்தது. ஜெர்மனியில் ஒரு விடுதிக்காக அறைகளைப் பதிவு செய்யும் மென்பொருளைத் தயாரித்துக்கொண்டிருந்தோம். எங்களுக்குள் அதற்கு ‘லாட்ஜ்’ என்று பெயர். அந்த மென்பொருளை எழுதியவர் கொள்ளேகால் பக்கத்துக்காரர். என்னை அக்கா என்பார். அங்கே போய் அதை நிறுவிக் கொடுப்பதும் அவரே என்று முடிவாகியிருந்தது. பாஸ்போர்ட் வந்துவிட்டது, ஸ்வெட்டரும் வாங்கிவிட்டார். ஒரே நிபந்தனை, விடுதிக்காரர்கள் கேட்ட புதிய சோதனைக் கருவியில் லாட்ஜ் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கும் எங்கள் டெஸ்டுகள் எல்லாம் தேற வேண்டும். அவற்றைப் புதியதற்கு மாற்றும் வேலை என்னுடையது.

பழைய முறையில் எல்லா டெஸ்டுகளும் ஒரே நீளமான ப்ரோக்ராமில் இருந்தன. ஓடவிட்டால் ஒவ்வொன்றுக்கும் திரையில் ‘ஓகே’ என்று ஒரு வரி விழும். புதியதில் ஒவ்வொரு டெஸ்டும் தனித்தனித் துண்டு. முடிவில் ஒரு பட்டை வரும். எல்லாம் தேறினால் பச்சை, ஒன்று தவறினாலும் சிவப்பு. வரிசை பிசகாமல் பெயர்த்து வைத்து ஓடவிட்டேன். சிவப்பு. முதல் டெஸ்ட் தேறியிருந்தது, மற்றவை பெரும்பாலும் தவறியிருந்தன.

பழையதை ஓட்டினேன், எல்லாம் ஓகே. மறுபடி புதியதை ஓட்டினேன், சிவப்பு. சோதிக்கப்படுவது ஒரே மென்பொருள்தான். எது பொய் சொல்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

“நேத்து வரைக்கும் நல்லாத்தானுங்க்கா ஓடுச்சு. நீங்க கை வெச்சதும் இப்படி ஆயிருச்சே!” என்றார் அவர்.

“நான் கேள்வி எதையும் மாத்தலைப்பா.”

“அப்ப ஸ்வெட்டர கடையில திருப்பிக் குடுத்தரட்டுங்களா?”

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஆனால் அன்று அவர் மதியச் சாப்பாட்டுக்கு எழுந்திருக்கவில்லை.

‘அறையைக் காலி செய்’ என்ற டெஸ்ட், அறையில் யாருமே இல்லை என்று சொல்லித் தவறியிருந்தது. முதல் டெஸ்டில் ஒருவரை உள்ளே அனுப்பினோமே, அவர் எங்கே போனார்? வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்த பிறகுதான் பிடிபட்டது. புதிய கருவி ஒவ்வொரு டெஸ்டுக்கும் லாட்ஜையே புதிதாகக் கட்டித் தருகிறது. முந்தைய டெஸ்டில் வந்தவர் அடுத்ததில் இருக்க மாட்டார். நாங்களோ ஒரே விருந்தாளியை வைத்துக்கொண்டு எல்லா டெஸ்டுகளையும் வரிசையாக ஓட்டியிருந்தோம்.

ஒவ்வொரு டெஸ்டுக்கும் தனித்தனியாக ஒரு விருந்தாளியைச் சேர்த்தேன். ஒன்றைத் தவிர எல்லாம் தேறின. பதிவை ரத்து செய்தால் அறை காலியாக வேண்டும், ஆகவில்லை. பழைய வரிசையில் ரத்துக்கு முன்பே விருந்தாளி அறையைக் காலி செய்து போயிருப்பார். ரத்து வேலை செய்தாலும் செய்யாவிட்டாலும் அறை காலிதான், அதனால் ஓகேதான்.

லாட்ஜை எழுதியவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல், “அப்ப இத்தனை நாளா ஓகேன்னு சொன்னது எதுக்குங்க்கா?” என்றார். பிறகு உட்கார்ந்து ரத்துப் பகுதியில் இரண்டே வரிகள் சேர்த்தார். பட்டை பச்சையானது.

மேனேஜர் வந்து பார்த்தார். எங்களிடம் பாதித் தமிழும் பாதிக் கன்னடமுமாகப் பேசுவார். “ஏன் மேடம், நேத்து ஓகே, காலையில சிவப்பு, ஈக பச்சை. நான் எதை நம்பி இவரை அனுப்பறது?”

 என்ன நினைத்தேனோ, கொள்ளேகால்காரர் சேர்த்த இரண்டு வரிகளையும் எடுத்துவிட்டு ஓட்டினேன். சிவப்பு. திரும்பச் சேர்த்தேன். பச்சை.

“ஓ, தப்பு இருந்தா இது சிவப்பாயிடுது!” என்றார் மேனேஜர். “சரி, மத்ததெல்லாம்?”

மற்றதைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. அதனால் நானும் கொள்ளேகால்காரரும் லாட்ஜை ஒவ்வொரு இடமாக வேண்டுமென்றே கெடுத்து, பட்டை சிவப்பாகிறதா என்று பார்த்தோம். ஒவ்வொரு சிவப்புக்கும் அவர் “ஆச்சுங்க்கா!” என்று துள்ளினார். சிவப்பைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறோமே, இது சரிதானா என்று எனக்குக் குழப்பமாகவே இருந்தது. கடைசியாகக் கெடுத்த இடத்துக்கும் பட்டை சிவந்ததும், மேனேஜர் கொள்ளேகால்காரரின் பயணத்தாளில் கையெழுத்துப் போட்டார்.