கர்லிங் கூடத்துக்குப் பின்னால் ஒரு சிவப்பு வரிசை

ஸ்டெஃபா பிலிக் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். கனடாவின் மானிட்டோபாவில் எங்கள் ஊரைச் சுற்றியுள்ள மண் ரோடுகள் அத்தனையும் அவளுக்கு அத்துப்படி. ஒன்றை நினைத்துவிட்டால் ஒற்றைக் காலில் நிற்பாள். அவள் நினைத்தது, ஐஸ் தரையில் கல்லைச் சறுக்கிவிட்டு ஆடுகிற ஊர்க் கர்லிங் கூடத்து வாசலில் இலையுதிர் காலத்தில் சிவக்கிற செடி வேண்டும் என்பது. வெள்ளைத் தகரச் சுவர், சாம்பல் வானம், அறுத்து முடித்த மொட்டை வயல். அதற்கு நடுவே கண்ணுக்கு ஏதாவது வேண்டாமா என்பாள்.

முதல் வருடம் நகரத்துக் கடையிலிருந்து நெருப்புச்செடி வாங்கி வந்து, வாசல் பக்கம் வெயில் விழுகிற தெற்குச் சுவரை ஒட்டி நட்டாள். எங்கள் ஊரில் எவனைக் கேட்டாலும் அங்கேதான் நடச் சொல்வான். குளிருக்குப் பயந்தவனுக்கு வேறு புத்தி வராது. மே மாதம் பார்த்தால் எல்லாம் விறகு. மறு வருடமும் அதே செடி, அதே சுவர். இந்தத் தடவை சாக்கு சுற்றிக் கட்டினாள். மறுபடியும் விறகு.

நட்டது போக மிஞ்சிய ஒன்றைத் தூக்கிப் போட மனமில்லாமல் கூடத்துக்குப் பின்னால் ஒரு குழியில் செருகியிருந்தாள். ஆட்டத்துக்கு முன் ஐஸ் தரையைச் சுரண்டுகிற லோர்ன், சுரண்டிய தூளையெல்லாம் குளிர்காலம் முழுக்க அதன் தலையிலேயே கொட்டினான். குவியல் கரைந்தபோது கிளை இரண்டு முறிந்திருந்தது. ஆனால் செடிக்கு உயிர் இருந்தது.

"லோர்ன், இது எப்படிய்யா பொழச்சுது?"

"எனக்கென்ன தெரியும்? நான் ஐஸ் கொட்டுறவன். சாமியார் இல்ல."

ஸ்டெஃபா ஒரு வாரம் பேருந்து ஓட்டிக்கொண்டே யோசித்தாள். மார்ச்சில் தகரச் சுவர் பகலெல்லாம் கொதிக்கும். செடி வசந்தம் வந்துவிட்டதென்று நம்பிக் கண் விழிக்கும். இரவில் குளிர் வந்து கழுத்தை நெரித்துவிடும். பின்பக்கத்துச் செடியோ ஐஸுக்கு அடியில் மே வரை தூங்கிவிட்டது. செடியைக் கொன்றது குளிர் இல்லை, கதகதப்பு.

அதன் பிறகு கடைப்பக்கமே அவள் போகவில்லை. செப்டம்பரில் எந்த வீட்டு வேலியில் எது சிவக்கிறது என்று பேருந்திலிருந்தே பார்த்து வைத்தாள். மே மாதம் அதே வேலியை மறுபடி பார்த்தாள், எது நுனிவரை துளிர்க்கிறது என்று. இரண்டிலும் தேறியதைத்தான் எடுத்தாள். ஆள் இல்லாத பண்ணை வீட்டில் யாரும் சீண்டாமல் கிடந்த கோட்டோனியாஸ்டர் புதர், சாலையோரப் பள்ளத்துச் சோக்பெர்ரி, அப்புறம் சிவப்புக் காய் கொத்தாகத் தொங்குகிற கலினா. கலினா இல்லாத உக்ரேனியன் வீடு இங்கே ஏது? கேட்டு வாங்கி, பக்கக் கன்றுகளைப் பேர்த்து வந்து, கூடத்துக்குப் பின்னால் அதன் நிழல் முடிகிற இடமாகப் பார்த்து வரிசையாக நட்டாள். நிழலுக்குள் வைத்தால் பச்சையாகவே உதிர்ந்துவிடும், சிவக்காது.

நட்ட நான்காம் வருடம் இடுப்புக்கு மேல் வளர்ந்து நின்றபோது வந்தது வினை. கூடத்தின் தலைவர் ஓரெஸ்ட் டிமிட்ரூக்குக்கு வண்டி நிறுத்த இடம் வேண்டுமாம். பின்பக்கம் முழுக்கச் சரளை கொட்டப் போவதாகக் கூட்டத்தில் சொன்னான்.

"என் செடி?"

"எந்தச் செடி? அந்தப் புதரா? ஸ்டெஃபா, வாசல்ல நடத்தான் ஒனக்கு எடம் குடுத்தோம். நீ குப்பை கொட்டுற எடத்துல நட்டுட்டு உரிமை கேக்குற."

"வாசல்ல நட்டேன். செத்துச்சு. மறுபடி நட்டேன். மறுபடி செத்துச்சு. இன்னும் எத்தனை தடவ சாகடிக்கணும்?"

"ஒன்னோட கல்யாணம் பண்ணியிருந்தா நானும் போய்ச் சேந்திருப்பேன் போல!"

எல்லோரும் சிரித்தார்கள். ஸ்டெஃபா சிரிக்கவில்லை. "கோழி விருந்து முடியட்டும். அதுவரைக்கும் ஒரு கல்லு விழக்கூடாது. அப்புறம் ஊரே சொல்லட்டும்" என்றாள். திங்கட்கிழமைக்கு லாரி சொல்லியாகிவிட்டது, விருந்து ஞாயிற்றுக்கிழமைதானே என்று ஓரெஸ்ட் விட்டுக்கொடுத்தான்.

அறுவடை முடிந்ததும் நடக்கிற அந்த விருந்துக்குச் சுற்றுவட்டாரமே வரும். வான்கோழி, மாவுக்குள் உருளைக்கிழங்கு வைத்து வேகவைத்த பெரோகி, பூசணிப் பணியாரம். பந்தி பந்தியாகத்தான் உள்ளே விடுவார்கள். மற்றவர்கள் வெளியே வரிசையில் நிற்க வேண்டும். சீட்டுக் கொடுக்கிற மேசை ஸ்டெஃபாவின் பொறுப்பு. அதைத் தூக்கிப் பின்கதவில் போட்டாள்.

முந்தின நாள் காற்று பேயாக அடித்திருந்தது. கலினா பாதி மொட்டை, காய் மட்டும் தொங்கியது. ஆனால் சோக்பெர்ரி ஒரு இலையைக்கூட விடவில்லை. கோட்டோனியாஸ்டர் செங்கலும் ஆரஞ்சுமாக எரிந்தது. சாயங்கால வெயில் அதன்மேல் சாய்ந்தது.

முதல் பந்தி எழுந்தது. இரண்டாம் பந்திக்கு ஆள் வரவில்லை. குழம்பு ஆறுகிறதே என்று ஓரெஸ்ட் கத்திக்கொண்டே பின்கதவுக்கு வந்தான். அங்கே ஊர், தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு, சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, செடிகளுக்கு முன்னால் நின்றிருந்தது. அவன் பெண்டாட்டியும் அதில் ஒருத்தி.

"உள்ள வாங்கப்பா, சாப்பாடு ஆறுது!"

"இருங்க, வரோம்" என்றாள் அவள். "இது என்ன செடிங்க? நம்ம வீட்டுல ஏன் இல்ல?"

ஓரெஸ்ட் செடியைப் பார்த்தான், ஸ்டெஃபாவைப் பார்த்தான், கன்னத்தைச் சொறிந்தான். "லாரிய நிறுத்த முடியாது ஸ்டெஃபா. சொன்னது சொன்னதுதான்."

"யாரு நிறுத்தச் சொன்னா? முன்னாடி கொட்டு. தெற்குச் சுவரோரமா. அங்க எதுவும் பொழைக்காது, வண்டியாவது நிக்கட்டும்."

"அது வாசல்மா."

"வரவன் இனிமே இந்தப் பக்கமாத்தான் வருவான். பாத்தியில்ல?"

"சரி, சோறு திங்க வாங்க" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு ஓரெஸ்ட் உள்ளே போனான்.

திங்கட்கிழமை காலையில் லாரி வந்தபோது அங்கே ஓரெஸ்ட் இல்லை. எங்கே கொட்டுவது என்று டிரைவர் கேட்டான். ஸ்டெஃபா பேருந்தைச் சாலையோரம் நிறுத்தி, சன்னலை இறக்கி, முன்சுவரைக் கை காட்டினாள். முதல் குவியல் சரிந்து விழுகிறவரை பார்த்திருந்துவிட்டுப் பிள்ளைகளை ஏற்றக் கிளம்பினாள்.