எழுந்திருக்கக் கூடாத பத்து நாள்

மேச்சேரி ஆடுகளை ஓட்டிக்கொண்டு மைசூர்ப் பக்கத்துச் சந்தைக்கு நடந்தே போனார் என் வீட்டுக்காரர். வழியெல்லாம் குடிக்கக் குட்டைத் தண்ணீர்தான். திரும்பி வந்தபோது ஆள் பாதியாகியிருந்தார். வயிற்றுக் கடுப்பு, போகும்போதெல்லாம் சீதமும் ரத்தமும். யுத்தத்துக்கு முந்தின காலம் அது. எனக்குக் கல்யாணமாகி மூன்று வருஷம்.

குடலில் கிருமி என்றார் டாக்டர். எட்டு நாளைக்கு எமிட்டின் ஊசி. "இந்த மருந்து கிருமியைக் கொல்லும். ஆனா இருதயத்தையும் பலவீனமாக்கிரும்மா. ஊசி முடிஞ்சும் ரெண்டு நாள், ஆகப் பத்து நாள் படுத்தே கெடக்கணும். எந்திரிச்சு நின்னா உசுருக்கு ஆபத்து."

கம்பவுண்டர் தினமும் சைக்கிளில் வந்து ஊசி போட்டார். மூன்றாம் ஊசியில் ரத்தம் நின்றது. வம்பு வேறு இடத்திலிருந்து வந்தது. மாமனார் அறைக்குள் நுழைந்தாலே இந்த மனிதர் கட்டிலை விட்டு எழுந்து நின்றுவிடுவார்! பிறந்ததிலிருந்து அப்படி வளர்த்துவிட்டார்கள். தள்ளாடுவார், வேர்த்துக் கொட்டும்.

"ஏனுங்க, டாக்டர் சொன்னது காதுல உழுவுலீங்களா?"

"அதுக்கு? அய்யன் நிக்க நான் காலை நீட்டிக் கெடக்கறதா? சும்மா இரு புள்ள."

எனக்கு வந்ததே கோபம்! நாலாம் நாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் சாய்ந்தார். மறுநாள் மாமனார் வரும்போது நான் வாசற்படியை மறித்து நின்றேன். அதுவரை அவர் முகம் பார்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை.

"மாமா, உள்ள வராதீங்க. நீங்க வந்தா அவரு எந்திரிப்பாருங்க. எந்திரிச்சா எனக்குத் தாலி தங்காதுங்க."

மாமனார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். போச்சு, பிறந்த வீட்டுக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை சன்னலுக்கு வெளியே மாமனார் குரல். சுவரோரம் குந்தியபடி, எந்த ஆடு குட்டி போட்டது, எங்கே மழை பெய்தது என்று மகனிடம் பேசிக்கொண்டிருந்தார். அந்தக் குரலுக்கே உள்ளே இவர் காலை மடக்கிக்கொள்வார். நான் தலையில் அடித்துக்கொள்வேன். தினமும் இதே கூத்து. அந்தக் காலை நேரங்களை நினைத்தால் இன்றைக்கும் ஏக்கமாகத்தான் இருக்கிறது.

பதினொன்றாம் நாள் நானே போய் அழைத்தேன். "வாங்க மாமா, இனி பயமில்லீங்க."

அவர் உள்ளே வந்ததும் இவர் கட்டிலைப் பிடித்து எழப் பார்த்தார். மாமனார் இரண்டே எட்டில் வந்து மகன் தோளை அமுக்கினார்.

"படு சாமி. நான் நின்னுக்கறேன்."

மகனை அவர் சாமி என்று கூப்பிட்டு அன்றைக்குத்தான் கேட்டேன். இவர் படுத்தார், காலை நீட்டி. மாமனார் நின்றுகொண்டே இருந்தார்.