போ.வ. என்றால் போக வேண்டியது அல்ல

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களுக்கும் அண்ணனின் நண்பர்களுக்கும் வணக்கம். அண்ணன் எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. முன் அட்டையில் அவர் படம் இருக்கிறது, பின் அட்டையில் அவர் கும்பிட்ட முருகன் படம் இருக்கிறது. நடுவில் நாலு பக்கம் எழுது, கூடப் பிறந்தவள் நீ ஒருத்திதானே என்றார்கள். நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவள். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. எழுதும்போது யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை என்பதால் எழுதுகிறேன். ஒரு வருடமாக வாய்க்குள் வைத்திருந்ததைத்தான் எழுதப் போகிறேன். அழுகிற மாதிரி ஏதாவது இருக்கும் என்று நினைத்தவர்கள் பக்கத்தைத் திருப்பிக்கொள்ளலாம்.

முதலில் பேனர். போன வருடம் தெருமுனையில் கட்டிய கண்ணீர் அஞ்சலி பேனரில் அண்ணன் படத்துக்குக் கீழே 'பழைய இரும்பு வியாபாரி' என்று போட்டிருந்தீர்கள். அண்ணன் ஒரு நாளும் பழைய இரும்பு வாங்கியதில்லை. எங்கள் வீட்டில் தராசே கிடையாது. அவர் வாங்கி விற்றது கைக்கருவிகள். உளி, ரம்பம், இழைப்புளி, மரம் செதுக்கும் வாச்சி, குறடு, இரும்பைக் கவ்விப் பிடிக்கும் பட்டறை வைஸ். எல்லாம் வேலை செய்கிற சாமான்கள். உங்களில் பாதிப் பேர் அவர் உயிரோடு இருந்தபோதே "இன்னாப்பா, இரும்புக்கடை எப்படி ஓடுது?" என்று கேட்டவர்கள். அவர் சிரித்துவிட்டுப் போவார். எனக்குச் சிரிப்பு வந்ததில்லை.

அண்ணன் மலை மேல் இருக்கும் இந்தக் காவலூரில் பிறந்தார். சாமையும் புளியும் உள்ள சின்ன நிலம் எங்களுடையது. அப்பா இறந்தபோது அண்ணனுக்குப் பதினான்கு வயது, எனக்கு ஆறு. அவர் பள்ளிக்கூடப் பையை என் தோளில் மாட்டிவிட்டு, மலையிறங்கி லேத் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். இருபத்திரண்டு வருடம் அங்கே உழைத்தார். இடது கையில் ஒரு விரல் நுனி அங்கேயே போனது. முதலாளி பட்டறையை மூடியபோது, கொடுக்க ஒன்றும் இல்லை, வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள் என்றாராம். மற்றவர்கள் ஃபேனையும் மோட்டாரையும் எடுத்துக்கொண்டார்கள். அண்ணன், யாரும் தொடாமல் மூலையில் கிடந்த ஒரு பழைய வைஸைக் கழற்றி, பஸ்ஸில் போட்டுக் கொண்டுவந்தார். நிறுத்தத்திலிருந்து வீடு வரை தோளில் சுமந்தார். தோள் ஒரு வாரம் வீங்கியிருந்தது. மண்ணெண்ணெயும் துணியுமாக மூன்று நாள் துடைத்தார். எங்கள் ஊர்த் தொலைநோக்கிக் கூடத்தில் வேலை பார்த்த ஒருவர் அதைப் பார்த்துவிட்டுக் கேட்டு வாங்கிப் போனார். வியாபாரம் அப்படித்தான் ஆரம்பித்தது.

அண்ணன் கிரைண்டர் வைத்துப் பளபளப்பாக்க மாட்டார். பெயின்ட் அடிக்க மாட்டார். கருவியில் யாராவது பெயரைப் புள்ளி வைத்துக் குத்தியிருந்தால் அதை ஒரு நாளும் அழிக்க மாட்டார். மண்ணெண்ணெயில் துடைத்துத் தருவார், நான் தேங்காய் எண்ணெய் தடவி வைப்பேன். அண்ணி இறந்த பிறகு பத்து வருடம் நாங்கள் இரண்டு பேரும் இந்த வேலையைத்தான் செய்தோம். பெங்களூரிலிருந்தெல்லாம் கார் போட்டு வந்து வாங்கிப் போனார்கள்.

இப்போது போ.வ. என்னவென்று சொல்கிறேன். ஒரு வருடம் முன்பே நான் சொல்லியிருக்க வேண்டியது.

மலை ஊர்களில் கருவியை விற்கிறவர்கள் பல பேர் ஏதோ ஒரு கஷ்டத்தில்தான் விற்பார்கள். உடம்பு சரியில்லாமல் போகும், வீட்டில் கல்யாணம் வரும். அப்படி வருகிறவரிடம் அண்ணன் ஒரு கேள்வி கேட்பார். "இது போவுதா, போய்ட்டு வருதா?" போகிறது என்றால் விற்பனைக்கு. போய்ட்டு வருகிறது என்றால் ஒரு வருடம் வரை யாருக்கும் விற்க மாட்டார். அதற்குள் விற்றவர் எப்போது வந்து கேட்டாலும் வாங்கின விலைக்கே திருப்பிக் கொடுத்துவிடுவார். ஒரு சீட்டை இரண்டாகக் கிழித்து, பாதியைக் கருவியில் நூல் போட்டுக் கட்டுவார், பாதியை அவர் கையில் கொடுப்பார். இரண்டிலும் பெயரும் ஊரும் எழுதி, மேலே 'போ.வ.' என்று போடுவார். போய்ட்டு வரும் என்று அர்த்தம்.

ஒரு முறை பெங்களூர்க்காரர் ஒருவர் போ.வ. சாமான்களுக்கென்று இருந்த அலமாரியில் ஒரு வாச்சியைக் கேட்டு அடம் பிடித்தார்.

"வேற எது வேணா கேளு சார். இது போய்ட்டு வர்ற சாமான்."

"எங்க போய்ட்டு வருது?"

"இங்கதான் வந்திருக்குது. அதும் வூட்டுக்குத் திரும்பிப் போவும். விருந்தாளிய யாராவது விப்பாங்களா?"

அவர் சிரித்துவிட்டு வேறொரு ரம்பம் வாங்கிப் போனார். எங்கிருந்தோ வந்தவருக்கு ஒரு நிமிடத்தில் புரிந்தது.

அண்ணனுக்குச் சிறுநீரகம் கெட்டு, மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். கடைசியாகத் தெளிவாகப் பேசியது என்னிடம்தான். "பாப்பா, போ.வ. சாமான பாத்துக்கோ. வருவாங்க." அவ்வளவுதான் சொன்னார். சரிண்ணா என்றேன்.

பார்த்துக்கொண்ட லட்சணத்தை எழுதுகிறேன்.

கருமாதிக்கு முதல் நாள், எங்கள் பெரியப்பா மகன் முன்னால் நின்று எல்லாக் காரியமும் பார்த்தார். அவர் பெயரைப் போடவில்லை. இந்த மலர் அவர் வீட்டுக்கும் போகும், அவருக்கே தெரியும். கடையிருக்கும் முன்பக்கத்தைப் பார்த்துவிட்டுச் சத்தம் போட்டார்.

"இன்னாமா இது, வூடு பூரா துருப்புடிச்ச சாமானு. நாளைக்கு அவ்ளோ ஜனம் வரும். ஒக்கார எடம் வேணாமா?"

என்னைக் கேட்கவில்லை. போனில் பேசினார். ஒரு மணி நேரத்தில் கீழே டவுனிலிருந்து பழைய இரும்பு லாரி வந்து நின்றது. அலமாரியில் தொங்கிய சீட்டு ஒன்றைத் தூக்கிப் படித்தார்.

"போ.வ.ன்னா இன்னாடா?"

கூட இருந்த அவர் மச்சான் சொன்னார். "போக வேண்டியதுன்னு அவரே எழுதி வெச்சிட்டுப் போயிருக்காரு மாமா. மொதல்ல அத ஏத்துவோம்."

"செத்தும் நமக்கு வேலை வெக்கல பாரு!" என்றார் பெரியப்பா மகன்.

எல்லோரும் சிரித்தீர்கள். நான் டீ தட்டோடு கதவருகில் நின்றிருந்தேன். "அண்ணா, அது…" என்றேன். பத்துப் பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"இன்னாமா?"

"டீ ஆறிப் போவும்" என்றேன்.

இத்தனை வருடத்தில் நான் பேசியதிலேயே கேவலமான வார்த்தை அதுதான். உங்கள் மேல் இருக்கிற கோபத்துக்குக் கொஞ்சமும் குறையாமல் என் மேலும் இருக்கிறது. ஆனால் என் மேல் இருப்பதால் உங்கள் மேல் இருப்பது குறையாது.

இரும்புக்காரர்கள் மரத்தை எடைபோட மாட்டார்கள். அதனால் லாரி ஆட்கள் எங்கள் வாசலிலேயே பிடிகளை அடித்துக் கழற்றினார்கள். உளிப் பிடி, வாச்சிப் பிடி, முழுக்க மரத்தாலான இழைப்புளிகள் எல்லாம் ஒரு குவியலாகக் கிடந்தன. மறுநாள் சமையல்காரர் அதைத்தான் அடுப்பில் வைத்தார். "நல்லா வைரம் பாஞ்ச கட்டைமா, நின்னு எரியுது" என்று என்னிடமே சொன்னார். அவருக்குத் தெரியாது. கருமாதிச் சாப்பாடு நன்றாக இருந்தது என்று எல்லோரும் சொன்னீர்கள். எந்தத் தீயில் வெந்தது என்று இப்போது தெரிந்துகொள்ளுங்கள்.

அந்தப் பந்திக்கு நடுவில் புதூர்நாட்டுப் பக்கத்திலிருந்து வெள்ளையன் என்பவர் வந்தார். மலை ஊர்களில் கதவு, ஏர் செய்து கொடுக்கிறவர். புளிய மரத்திலிருந்து விழுந்து மணிக்கட்டு ஒடிந்து, எட்டு மாதம் முன்பு வாச்சியையும் இழைப்புளியையும் அண்ணனிடம் விட்டுப் போனவர். கை சரியாகிவிட்டது, வேலை வந்திருக்கிறது, எடுத்துப் போக வந்திருந்தார். அண்ணனுக்கென்று ஒரு பை சாமையும் கொண்டுவந்திருந்தார். பந்தலைப் பார்த்துத்தான் சாவு நடந்தது தெரிந்தது. சட்டைப்பையிலிருந்து பாதிச் சீட்டை எடுத்தார். அவர் பார்வை அடுப்புப் பக்கம் போனது. ஓரமாகப் பாதி எரிந்து கிடந்த ஒரு வாச்சிப் பிடியை எடுத்தார். நூல் இருந்தது, சீட்டு கருகியிருந்தது.

"என் கட்டவெரலு பட்ட பள்ளம்மா இது" என்றார்.

சத்தம் போடவில்லை. பிடியைக் கீழே வைத்தார், சாமைப் பையை என் காலடியில் வைத்தார், போனார். சாவு வீட்டில் 'போய்ட்டு வர்றேன்' என்று சொல்லிக்கொள்ளக் கூடாது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். அவரும் சொல்லவில்லை. வழக்கத்துக்காகச் சொல்லவில்லையா, இனி இந்த வாசலுக்கு வரமாட்டேன் என்று சொல்லவில்லையா? அதை யோசித்து யோசித்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பந்தியிலிருந்து ஒருவர் மட்டும் கேட்டார்: "சாப்புடாம போறானே, யாரவன், இன்னா திமிரு!" திமிர் யாருக்கு என்று அன்றைக்கு நான் கேட்டிருக்க வேண்டும்.

கருமாதி முடிந்த மூன்றாம் நாள் தனியாக பஸ் ஏறிக் கீழே போனேன். இரும்புக்கடைக்கு வெளியே ஒரு மணி நேரம் நின்றேன். கடை பாய்தான் கூப்பிட்டார்.

"இன்னாமா, விக்கவா வாங்கவா?"

நான் சீட்டு, நூல், அண்ணன் என்று ஏதோ உளறினேன்.

"அடடா, அந்த நூல் கட்ன சாமானா? பேரு எழுதினத ஒடைக்க மனசு வர்லமா, தனியா போட்டேன். ஆனா அதுக்குள்ள பசங்க கொஞ்சம் லோடு ஏத்திட்டானுங்க."

எரிந்துபோன வெள்ளையன் இழைப்புளி போக, மற்ற பதினோரு போ.வ. சாமான்களில் ஐந்து சீட்டோடு கிடைத்தன. வெள்ளையன் வாச்சிக்குச் சீட்டு இல்லை. பாய் ஒரு ஸ்டூல் போட்டுக் கொடுத்தார், மதியம் வரை குவியலில் கையால் தேடினேன். எட்டு மாதம் எண்ணெய் தடவியவள் நான். ஓரத்தில் நெல் அளவு உடைந்த வெட்டுவாயை வைத்துக் கண்டுபிடித்தேன். பாய் எதற்கும் காசு வாங்கவில்லை.

அடுத்த நாள் ஜீப் ஏறி புதூர்நாட்டுக்குப் போய், துணியைப் பிரித்துக் காட்டினேன். வெள்ளையன் விரலால் வாச்சியின் வெட்டுவாயைத் தடவினார்.

"பிடி நான் போட்டுக்கறேன். இழைப்புளி?"

"எரிஞ்சி போச்சுங்க."

"யாரு எரிச்சாங்க?"

"நாங்கதாங்க" என்றேன்.

அவர் வாச்சியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு உள்ளே போனார். ஜீப் கிளம்பும்போது மட்டும் பக்கத்தில் வந்து, "போய்ட்டு வாம்மா" என்றார். அண்ணன் இறந்த பிறகு நான் முதல் முறையாக அழுதது அந்த ஜீப்பில்தான்.

சீட்டோடு கிடைத்த ஐந்தும் உரியவர்கள் கைக்குப் போய்விட்டன. மீதி ஐந்து கிடைக்கவில்லை. உருக்கிவிட்டிருப்பார்கள்.

நன்றி சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியில் அண்ணனுக்கு ரத்தம் கொடுத்த இரண்டு எதிர்வீட்டுப் பிள்ளைகளுக்கு நன்றி. பாய்க்கு நன்றி. கோபப்படாமல் போன வெள்ளையனுக்கும் நன்றி, கோபப்பட்டிருந்தால் இன்னும் அதிகம் நன்றி சொல்லியிருப்பேன். பந்தல் போட்டவர்களுக்கும் பேனர் கட்டியவர்களுக்கும் இந்த மலரில் நன்றி இல்லை.

பெரியப்பா மகனுக்கு ஒரு வார்த்தை. காணாமல் போன ஐந்து சாமான்களின் மறுபாதிச் சீட்டு ஐந்து பேர் கையில் இருக்கிறது. வருடம் தாண்டினாலும் ஒவ்வொருவராக வருவார்கள். வருகிறவர்களுக்கு இனி நான் பதில் சொல்ல மாட்டேன், நீங்கள் வந்து சொல்லுங்கள். உட்கார இடம் வேண்டும் என்றுதானே எடுத்தீர்கள்? போ.வ. அலமாரி இருந்த இடம் அப்படியே காலியாக இருக்கிறது. ஒரு நாற்காலி போட்டு வைத்திருக்கிறேன். வந்து உட்காருங்கள்.