ராசையன் அண்ணனின் ஐந்நூறு ரூபாய்

இன்று காலை கேரள எல்லையிலுள்ள பாறசாலை பஸ் ஸ்டாண்டில் லாட்டரி விற்கும் ராசையன் அண்ணன் என் குரலைக் கேட்டு நிறுத்தினார். அவருக்குக் கண் தெரியாது.

“மக்கா, இந்த ஐந்நூற ஏஜென்சியில எடுக்க மாட்டேன்னுட்டான். நல்லதான்னு பாரு.”

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். காந்தியின் நிழல் தெரியவில்லை. வெறும் கலர் ஜெராக்ஸ்.

“கள்ள நோட்டாக்கும் அண்ணா.”

“ஓரத்தில கோடு உண்டல்லா?”

பழைய நோட்டுகள் செல்லாமல் போய்ப் புதியவை வந்தபோது, ஓரத்தில் புடைத்திருக்கும் கோடுகளைத் தடவித்தான் அவர் ஐந்நூறை அடையாளம் காணப் பழகினார். இதிலும் கோடுகள் புடைத்திருந்தன. திருப்பினேன். யாரோ பின்பக்கம் பேனாவால் அழுத்திக் கீறியிருக்கிறார்கள்.

அதைச் சொன்னேன். அவருக்குக் கோபமே வரவில்லை.

“அப்பம் என்னைத் தெரிஞ்ச ஆளுதான்” என்றார். “நான் தடவிப் பாக்கது ஒனக்கும் தெரியுமே, மக்கா.”

வழக்கம்போல் ஒவ்வொருவராக “அண்ணா, சுகம்தன்னே?” என்று கேட்டுக்கொண்டே போனார்கள். அவர் யாருக்கும் பதில் சொல்லவில்லை. பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.

ஸ்டாண்டில் தினமும் நிற்பவர்களே, நாளைக்கு அவரிடம் எப்படிப் பேச்சுக் கொடுப்பீர்கள்? சந்தேகப்பட வேண்டியவர்களில் நானும் ஒருவன் என்பதால் கேட்கிறேன்.